உமா என்ன சொல்லுதா

கான்ஸ்டபிள் முத்துச்செல்வத்துக்கு வெளிநாட்டுத் தொடர்கள் மீது எந்த ஆசையும் கிடையாது. கபடியும் சூடான புரோட்டாவும் போதும் என்று இருந்தவன். அப்படிப்பட்டவன், கொரியாவில் வேலை போனவன் எந்தப் பாலத்தில் போய் நின்று அழுவான், துருக்கியில் மாமியார் எந்தக் கையால் மருமகளை அறைவாள் என்பதையெல்லாம் அத்துப்படியாக வைத்திருந்தான் என்றால், அதற்கு ஒரே காரணம் உமாராணி.

உமாராணி அவனுடைய அத்தை மகள். இலஞ்சியில் வீடு. தென்காசியில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் வேலை. வேலை முடிந்து வந்தால் செல்போனில் எந்த நாட்டுத் தொடரையாவது பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் தென்னைமரத்தடியில் நின்று, பார்த்ததைப் பற்றிப் பேசி யூட்யூபில் போடுவாள். சேனலின் பெயர் 'உமா என்ன சொல்லுதா'. ஒளிப்பதிவு, இசை என்றெல்லாம் அலட்டிக்கொள்ள மாட்டாள். யார் யாருக்கு என்ன முறை, யார் செய்தது நியாயம் என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவைப்பாள். "இந்த ஸ்பெயின்காரன் இருக்கான்லா, இவன் அந்த கொள்ளைக்காரனுக்கு சகலை. சகலையப் போயி போலீஸ்ல காட்டிக் குடுப்பானா?" என்று அவள் கேட்டால், துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம்மூர்க்காரர்கள் ஆமாம் போடுவார்கள். முறை சொல்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பெயர் வாங்கியிருந்தாள்.

முத்துச்செல்வத்துக்கு அவளைக் கட்டவேண்டும். இரண்டு வருஷமாக இதுதான் அவனுடைய ஒரே ஆசை. அவன் அம்மா முப்பிடாதி இலஞ்சிக்குப் போய் நாத்தனாரிடம் கேட்பாள். நாத்தனார் மகளிடம் கேட்பாள். மகள் "பார்ப்போம்" என்பாள். அந்தப் பார்ப்போம் இலஞ்சியிலிருந்து பஸ் ஏறித் தென்காசி போலீஸ் குவார்ட்டர்ஸ் வந்து சேரும்போது, அதில் சம்மதம் இருக்கிறதா மறுப்பு இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் முத்துச்செல்வம் அவளுடைய வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தான். மனதில் இருப்பது வாயில் எங்கேயாவது தட்டுப்படாமலா போகும் என்பது அவன் கணக்கு.

தட்டுப்பட்டது, ஆனால் தாறுமாறாகத் தட்டுப்பட்டது. ஒரு கொரியத் தொடரைப் பற்றிப் பேசும்போது, "போலீஸ்காரனைக் கட்டினவ பாடு பாவம், ஆக்குன சோறு ஆறி அலந்து போவும்" என்றாள். முத்துச்செல்வம் ஒரு வாரம் முகத்தைத் தொங்கப்போட்டுத் திரிந்தான். அடுத்த வாரம் துருக்கித் தொடர். "என்ன சொன்னாலும் யூனிஃபார்ம் போட்டா ஆம்பளைக்கு ஒரு களை வரத்தான் செய்யுது." அன்றைக்கு டூட்டியில் எல்லோருக்கும் மங்குஸ்தான் பழம் வாங்கிக் கொடுத்தான். அவள் இதையெல்லாம் யாரை நினைத்துச் சொல்கிறாள், அல்லது யாரையுமே நினைக்காமல் சொல்கிறாளா என்று அவனுக்குக் குழப்பம் தீரவேயில்லை. நேரே போய்க் கேட்டிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். குற்றால மெயினருவியில் மைக்கைப் பிடித்து ஆயிரம் பேரை வரிசையில் நிற்க வைக்கிறவனுக்கு, அத்தை மகளைக் கண்டால் "சாப்ட்டியா" என்பதற்கு மேல் வாய் வராது. சில ஆண்கள் அப்படித்தான் அமைந்துபோகிறார்கள்.

இந்த வருஷம் குற்றாலச் சீசன் ஆனி மாதத்திலேயே களைகட்டிவிட்டது. சாரல் நிற்காமல் தூறிக்கொண்டிருந்தது. முத்துச்செல்வத்துக்கும் ஹம்தானுக்கும் மெயினருவியில் டூட்டி. ஹம்தான் கடையநல்லூர்க்காரன், இவனோடு ஒன்றாகப் போலீஸில் சேர்ந்தவன். திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் புறக்காவல் அறையில் உட்கார்ந்து உமாவின் புது வீடியோவைப் பார்த்தார்கள்.

வடக்கே எங்கேயோ கடலுக்குள் கிடக்கிற ஒரு தீவில் நடக்கிற கதை. தொடரின் பெயர் 'பனிக்கலங்கரை'. டவுனிலிருந்து தீவுக்கு டாக்டராக வருகிற ஒரு பெண்ணும் அங்கே மீன் பிடிக்கிற ஒரு பையனும் பழகுகிறார்கள். பாதிக் கதையில், கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்துச் செத்துப்போன கிழவர் இரண்டு பேருக்கும் தாத்தா என்று தெரிகிறது. அதோடு தொடங்குகிறது ஒப்பாரி. அவள் பாறையில் உட்கார்ந்து அழுகிறாள். அவன் படகில் உட்கார்ந்து அழுகிறான்.

உமா கேமராவைப் பார்த்துக் கையை விரித்தாள்.

"எனக்கு ஒண்ணுமே வெளங்கல மக்களே. அந்தப் பிள்ளைக்கு அம்மா வழியில அந்தக் கெழவர் தாத்தா. பையன் அந்தக் கெழவர் வீட்லயே பொறந்து வளந்தவன். அப்பம் மகன் வயித்துப் பேரன். அப்பம் அவன் இவளுக்கு யாரு? மாமன் மகன். மாமன் மகன்னு தெரிஞ்சா பாயாசம்லா வைக்கணும், எதுக்குப் பாறையில உக்காந்து அழுதா? தங்கமான பையன், பக்கத்துலயே இருக்கான், சின்னதுலருந்து குணம் தெரிஞ்ச குடும்பம். இதுக்கு மேல ஒருத்திக்கு என்ன வேணும்? கட்டிக்கிட்டு போவ வேண்டியதுதானே."

சோற்றில் வைத்த கை அப்படியே இருந்தது முத்துச்செல்வத்துக்கு.

"மாப்ள, இது ஒனக்குத்தான் சொல்லுதா," என்றான் ஹம்தான்.

"அந்தத் தீவுக்காரனுக்குல்லா சொல்லுதா."

"தீவுக்காரன் தமிழ் வீடியோ பாப்பானா? நீ அவளுக்கு யாரு?"

"மாமன் மகன்."

"பக்கத்துலயே இருக்கியா?"

"இருக்கேன்."

"பொறவு என்னலே."

முத்துச்செல்வத்துக்குத் துருக்கிக்காரன் யூனிஃபார்மை நம்பி மங்குஸ்தான் வாங்கிக் கொடுத்து ஏமாந்தது ஞாபகம் வந்தது. இந்தத் தடவை அவசரப்படக் கூடாது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், அங்கே முப்பிடாதி அதே வீடியோவை மூன்றாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம பிள்ள வாயத் தொறந்துட்டா," என்றாள். "ஊரு ஒலகம் பூரா கேக்க சொல்லிட்டா. வெள்ளிக்கெழம பூவும் பழமும் கொண்டுட்டு இலஞ்சிக்குப் போறேன். ஆடி பொறந்துட்டா ஒண்ணும் பேச முடியாது. ஆனிக்குள்ள பூ வச்சுரணும்."

"எம்மா, அது ரிவ்யூ."

"ரிவ்யூன்னா என்ன, பொய்யா?"

ரிவ்யூ என்பது பொய்யா நிஜமா என்று இரண்டு வருஷமாக அவனே குழம்பிக்கொண்டுதானே இருக்கிறான். ஒரேயொரு வழிதான் தோன்றியது. அவள் எதைப் பார்த்துவிட்டு இப்படிச் சொன்னாள் என்று தானும் பார்த்துவிடுவது. அதுவரை அவன் உமாவின் பேச்சைத்தான் கேட்டிருக்கிறானே தவிர, ஒரு தொடரையாவது முழுசாகப் பார்த்ததில்லை. ஹம்தானின் தம்பி சந்தா கட்டி வைத்திருந்த கணக்கில் புகுந்து 'பனிக்கலங்கரை'யைத் திறந்தான்.

எட்டு எபிசோடு. டூட்டி இல்லாத நேரமெல்லாம் அதிலேயே போனது. தீவில் இருக்கிற எல்லோரும் ஒரே மாதிரி கம்பளிச் சட்டை போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே தாடி. யார் செத்தார், யார் சாகவில்லை என்பதே பிடிபடவில்லை. செத்துவிட்டான் என்று நினைத்தவன் அடுத்த எபிசோடில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். பேசுவது என்ன பாஷையோ, கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. முத்துச்செல்வம் பி.ஏ. படித்தவன்தான். ஆனால் ஒரு வரியை வாசித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்து நின்றது. நிறுத்தி நிறுத்தி வாசித்தால், எல்லாவற்றையும் வாசித்த பிறகும் அந்த ஜனங்கள் எதற்காக மணிக்கணக்கில் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்கிறார்கள் என்று விளங்கவில்லை. இதையெல்லாம் பார்த்துவிட்டு உமா எப்படி இவ்வளவு தெளிவாகப் பேசுகிறாள் என்று அவள் மீது மரியாதை கூடியது.

ஆறாவது எபிசோடில்தான் அது வந்தது.

கிழவர் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய படச்சுருளை எடுத்துச் சுவரில் ஓட்டிப் பார்க்கிறான் பையன். அதில் ஒரே மாதிரி கவுன் போட்ட இரண்டு சிறுமிகள் கலங்கரை விளக்கத்துப் படியில் ஓடுகிறார்கள். பெரியவள் தடுக்கி விழுகிறாள், தாடை கிழிந்து ரத்தம். இளமையாக இருக்கிற கிழவர் ஓடிவந்து அவளைத் தூக்குகிறார். அவ்வளவுதான், கால் நிமிஷம்கூட இருக்காது. பேச்சே இல்லை.

முத்துச்செல்வம் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆளைப் பார்த்தால் முகத்தைவிட மச்சத்தையும் தழும்பையும் முதலில் பார்ப்பது போலீஸ்காரனுக்குப் பழக்கம். தாடைத் தழும்பை அவன் முதல் எபிசோடிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்படியில் நின்று எப்போதும் மீன் சூப்பு காய்ச்சிக்கொண்டிருக்கிற பையனுடைய அம்மாவின் தாடையில் இருந்தது அது. பின்னால் போய் நிறுத்திப் பார்த்தான். அதே இடம், அதே சாய்வு.

அப்படியானால் பையனுடைய அம்மாதான் கிழவரின் மூத்த மகள். இளையவள் டாக்டருடைய அம்மா. பையனுடைய அப்பன் கிழவருக்கு மகனே இல்லை, வீட்டோடு வந்த மாப்பிள்ளை. கிழவர் வீட்டில் பிறந்து வளர்ந்தவன் மகன் வயிற்றுப் பேரனாகத்தான் இருப்பான் என்று உமா நினைத்ததில் தப்பில்லை. நம்மூரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு மகன் வயிறும் மகள் வயிறும் ஒன்றுதான் போலிருக்கிறது, அதனால் எங்கேயும் வாய்விட்டுச் சொல்லவேயில்லை. ஆனால் இங்கே அக்காள் தங்கை பிள்ளைகள் என்றால் என்ன? அண்ணன் தங்கச்சி. பாறையில் உட்கார்ந்து அவள் அழுததில் நியாயம் இருக்கிறது.

முறை சொல்வதில் அடித்துக்கொள்ள ஆளில்லாத உமா, அண்ணனையும் தங்கச்சியையும் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

முதலில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் கதிகலங்கிப் போனது. வீடியோவின் கீழே பார்த்தான். இதுவரை எல்லோரும் "கரெக்ட் அக்கா" என்றுதான் போட்டிருந்தார்கள். எவனாவது ஒருத்தன் அந்தத் தழும்பைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கண்டுபிடித்தால் அவளைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள். அதற்கு முன்னால் அவளிடம் சொல்லவேண்டும். சொன்னால் என்ன ஆகும்? வீடியோவை எடுத்துவிடுவாள். எடுத்தால் "கட்டிக்கிட்டு போவ வேண்டியதுதானே" என்ற வார்த்தையும் அதோடு போய்விடும். இரண்டு வருஷத்தில் அவனுக்குக் கிடைத்தது அந்த ஒரு வார்த்தைதான். நாளை காலை அம்மா பூவோடு கிளம்புகிறாள். பூ வைத்த பிறகு சொன்னால் என்ன, இரண்டு நாளில் என்ன குடி முழுகிவிடும் என்று மனது அவனைப் பிடித்து இழுத்தது. அப்படி நினைத்ததற்காக அவனுக்கே தன் மேல் வெறுப்பாக வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் பைக்கை எடுத்துக்கொண்டு இலஞ்சிக்குப் போனான்.

அத்தையும் மாமாவும் குமாரர் கோயிலுக்குப் போயிருந்தார்கள். உமா வீட்டு வாசலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க அத்தான். என்ன இந்த நேரத்துல? சாப்ட்டீங்களா?"

தான் எப்போதும் கேட்கிற கேள்வியை அவள் கேட்டுவிட்டதால் அவனுக்கு அடுத்து என்ன பேசுவதென்று தெரியவில்லை. நின்றபடியே விஷயத்தைப் போட்டு உடைத்தான்.

"அந்தத் தீவுக்கதையில அவன் மாமன் மகன் இல்ல. பெரியம்மா மகன்."

"யாரு?"

"அந்த மீன்காரப் பையன். அவனுக்கு அம்மாதான் கெழவருக்கு மூத்த மக. தாடையில தழும்பு இருக்கு, பாரு."

அவள் நம்பவில்லை. லேப்டாப்பில் ஆறாவது எபிசோடைப் போட்டாள். தழும்பைப் பார்த்தாள். முதல் எபிசோடைப் போட்டு அடுப்படியைப் பார்த்தாள். மறுபடி படச்சுருளைப் பார்த்தாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணன் தங்கச்சியவா கட்டிக்கிடச் சொல்லிட்டேன்," என்றாள் கடைசியில். குரல் இறங்கிப் போயிருந்தது. "நீங்க இதெல்லாம் பாக்க மாட்டீங்களே அத்தான். இத எதுக்குப் பாத்தீங்க?"

அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இதையும் சொல்லிவிடுவதே மேல் என்று தோன்றியது.

"நீ மாமன் மகனைக் கட்டிக்கிட்டு போவ வேண்டியதுதானேன்னு சொன்னேல்லா. அம்மா அத வச்சு, நாளைக்குப் பூவும் பழமும் கொண்டுட்டு வாரதா இருக்கா. நானும் அப்படித்தான் நெனச்சேன். நீ இத எடுத்துரு. அம்மாட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

உமா அவனையே பார்த்தாள். கோபமா, ஆச்சரியமா என்று அவனால் சொல்ல முடியவில்லை. தீவுக்காரர்கள் கடலைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"அது ரிவ்யூ அத்தான்," என்றாள்.

"ஆமா," என்றான். வண்டியை எடுத்தவன் வழியெல்லாம் சாரலில் நனைந்துகொண்டே போனான். கண்ணைத் துடைக்க அது வசதியாக இருந்தது.

வீட்டில் முப்பிடாதி பிச்சியும் மல்லிகையும் வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள். போக வேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டாள். பையன் மாமன் மகன் இல்லை, பெரியம்மா மகன் என்றான்.

"எந்தப் பையன்லே?"

"தீவுப் பையன்."

"தீவுப் பையன் எவனா இருந்தா நமக்கென்ன? நீ மாமன் மகன்தானே?"

அதுவும் சரியாகத்தான் பட்டது. ஆனாலும் போகக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றான். முப்பிடாதி தலையில் அடித்துக்கொண்டு பூவைக் கூடையிலேயே விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மலையில் நல்ல மழை. மெயினருவியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழுந்தது. குளிக்கத் தடை. கயிற்றைக் கட்டி ஜனங்களை இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு முத்துச்செல்வம் விசிலோடு நின்றுகொண்டிருந்தான். குளிக்க முடியாதா, எப்போது விடுவீர்கள், கொஞ்சம் ஓரமாகவாவது நனைந்துவிட்டு வரட்டுமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் தெரியாது, தெரியாது என்றே பதில் சொன்னான். அன்றைக்கு அவனுக்கு எதுவுமே தெரியாதுதான்.

மதியம் ஹம்தான் செல்போனை நீட்டினான். "மாப்ள, ஞாயித்துக்கெழமைக்கு முன்னாலயே போட்டுட்டா."

உமா தென்னைமரத்தடியில் நின்றிருந்தாள். எப்போதும் இருக்கிற சிரிப்பு இல்லை.

"மக்களே, போன ஞாயித்துக்கெழம சொன்னது தப்பு. அந்தப் பையன் அவளுக்குப் பெரியம்மா மகன், அண்ணன் மொறை. தாத்தா வீட்ல வளந்தவன் மகன் வயித்துப் பேரனாத்தான் இருப்பான்னு நானா நெனச்சுக்கிட்டேன். பழைய வீடியோவ எடுத்துட்டேன். இத நானா கண்டுபிடிக்கல. ஒருத்தர் எட்டு எபிசோடும் பாத்துட்டு எங்கிட்ட வந்து சொன்னாரு. சொல்லாம இருந்திருந்தா அவருக்கு லாபம். தெரிஞ்சேதான் சொன்னாரு. நான் எத்தனையோ தொடர் பாத்தும் இப்படி ஒரு ஆளப் பாத்ததில்ல. இன்னைக்கு இவ்வளவுதான்."

ஹம்தான் அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். முத்துச்செல்வம் மறுபடியும் குழம்பினான். இப்படி ஒரு ஆள் என்றால் எப்படி ஒரு ஆள்? இரக்கப்படுகிறாளா, நன்றி சொல்கிறாளா? இதுவும் ரிவ்யூதானா? இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கக் கையைக் கொண்டுபோனவன், சட்டென்று நிறுத்தினான். போதும் என்று தோன்றிவிட்டது. இதற்கு மேல் ஓட்டிப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. விசிலை ஹம்தான் கையில் கொடுத்துவிட்டு, அருவிச் சத்தம் குறைந்த சிப்ஸ் கடைகளுக்குப் பின்னால் போய் நின்று அவளுக்குப் போன் போட்டான்.

"சொல்லுங்க அத்தான்."

"உமா, எனக்கு ஒண்ணும் புரியல. ரெண்டு வருசமா நீ பேசுறதையெல்லாம் கேக்கேன், ஒண்ணும் புரியல. என்னைக் கட்டிக்கிட ஒனக்கு இஷ்டமா, இல்லையா? நீ என்ன சொல்லுத?"

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"ரெண்டு வருசமா அத்தை எங்கம்மாட்ட கேட்டாங்க," என்றாள். "எங்கம்மா எங்கிட்ட கேட்டாங்க. கட்டிக்கிடப் போறவரு ஒரு வார்த்தை கேக்கலியேன்னுதான் பார்ப்போம் பார்ப்போம்னு சொன்னேன். நேத்து அவ்வளவு தூரம் வந்தீங்க. அந்தப் பையன் அவளுக்கு என்ன மொறைன்னு சொன்னீங்க, அத்தைய நிப்பாட்டிருதேன்னு சொன்னீங்க. நேத்தும் நீங்க கேக்கல."

"இப்பம் கேக்கேன்," என்றான்.

"கேட்டுட்டீங்கல்லா. அத்தை வாங்குன பூ இருக்கா, வாடிட்டா?"

"ஈரத்துணியில இருக்கு."

"ஆடி பொறக்குறதுக்குள்ள கொண்டுட்டு வரச் சொல்லுங்க," என்றாள் உமா.